திருத்தூதர் வாயிலில் நீர்மன்றம்

ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகரில், வியாழன்தோறும் நண்பகல் 12 மணிக்கு, பேராலயத்தின் திருத்தூதர் வாயிலில் கறுப்பு அங்கி அணிந்த உழவர்கள் வட்டமாக அமர்கின்றனர். வாய்க்கால்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கூவப்படுகின்றன. முறை தவறி நீர் பாய்ச்சியவர் மீதான வழக்கு அங்கே வாய்மொழியாகவே விசாரிக்கப்படுகிறது. வழக்கறிஞர் இல்லை, மேல்முறையீடும் இல்லை.

இம்மரபின் வேர்கள் இஸ்லாமியர் ஆட்சிக் காலத்தைச் சேர்ந்தவை. 1238-இல் நகரைக் கைப்பற்றிய முதலாம் ஹைமே மன்னர், வென்றவரின் செருக்கோடு பழைய நீர்முறையை அழித்துவிடவில்லை. தொன்றுதொட்டு வந்த வழக்கப்படியே நீர் பாயட்டும் என்று உறுதி செய்தார். 2009-இல் யுனெஸ்கோ இம்மன்றத்தை மானுட மரபுச் செல்வமாக ஏற்றது.

நாம் கூர்ந்து நோக்க வேண்டியது அதன் பிரதிநிதித்துவ முறையை. துரியா ஆற்றின் வாய்க்கால் சமூகங்கள் தத்தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்கின்றன. அவர் நிலத்தைத் தாமே உழுபவராக இருத்தல் வேண்டும். வாய்க்கால் பெரிதோ சிறிதோ, மன்றத்தில் இருக்கை ஒன்றே. எண்மருள் வலக்கரையினர் ஐவர், இடக்கரையினர் மூவர். தலைகளை எண்ணுவதே நீதியென்றால் இடக்கரை என்றும் தோற்கும். ஆகவே ஒரு கரையினர் மீது வழக்கு வந்தால், தீர்ப்பை முன்மொழிபவர் எதிர்க்கரையினர். குற்றம் சாட்டப்பட்டவரின் வாய்க்கால் பிரதிநிதியோ தீர்ப்பில் கலந்துகொள்வதில்லை. வாக்கு ஆளைத் தேர்கிறது. விலகி நிற்கும் நெறியே அந்த ஆளை நீதிமானாக்குகிறது.

எனினும் வலென்சியாவிலும் நீருரிமை நிலத்தோடு பிணைந்ததே. தமிழகத்தில் பாசன நிர்வாகத்தில் உழவர்க்குப் பங்களிக்க 2000-இல் இயற்றப்பட்ட சட்டமும், நிலவுடைமையை அடிப்படையாகக் கொண்டே நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களை அமைத்தது. பட்டா கணவன் பெயரில் இருக்க, நள்ளிரவில் மடை திருப்பும் மனைவிக்கு அச்சங்கத்தில் குரல் எது? குத்தகைக்கு உழுபவனுக்கு எது? தலைமடையார் வாக்கு மிகுந்த சங்கத்தில் கடைமடையாரின் வறண்ட வயலுக்காகப் பேசுபவர் யார்?

வாக்குப்பெட்டியை நேர்மையாகத் திறப்பது நீதியின் பாதியே. பட்டியலில் எவர் பெயர் விடுபட்டது என்று கேட்பதே மறுபாதி. பேராலய வாயிலில் அமரும் அம்மன்றம் நம்மை அக்கேள்வியோடுதான் வீட்டுக்கு அனுப்புகிறது.