சிலோயே மரக்கோயில்கள்: ஊரார் காத்த வரலாறு

கோயில் வரலாறு என்றால் பங்குக் குருக்களின் பெயர்களை ஆண்டுவாரியாக அடுக்குவது விழா மலர்களின் வழக்கம். சிலி நாட்டின் தெற்கே உள்ள சிலோயே தீவுக்கூட்டத்தின் கோயில்களுக்கு அப்படியொரு பட்டியல் போட்டால் அது பாதி வரலாறாகக்கூட இராது. ஆண்டில் சில நாள் மட்டுமே குருவின் முகம் பார்த்த ஊர்கள் அவை.

இயேசு சபையார் அங்கே கால்வைத்தது 1608இல். இங்கே ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து அப்போது இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தீவுகளோ பல, குருக்களோ சிலர். ஆகவே ஆண்டுதோறும் செப்டம்பரில் காஸ்த்ரோ நகரிலிருந்து இருவராகப் புறப்பட்டு, தீவு தீவாகச் சுற்றி, குளிர்காலம் நெருங்கும் மே மாதவாக்கில் திரும்புவார்கள். பயணம் தால்கா என்னும் படகில். சோழமண்டலக் கரையின் மசூலாவைப் போல அதுவும் பலகைகளைத் தைத்துக் கட்டியதே. ஓர் ஊரில் இரண்டு மூன்று நாள் தங்கல். திருமுழுக்கு, பாவசங்கீர்த்தனம், திருமணம் எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும்.

மற்ற நாள்களில் கோயிலை நடத்தியவர் பிஸ்கால் எனப்பட்ட பொதுநிலையினர். செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பது, அவசரத் திருமுழுக்கு கொடுப்பது, இறந்தோரை அடக்கம் செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. முத்துக்குளித்துறையில் புனித சவேரியார் அமர்த்திய கணக்கப்பிள்ளைமாரை அறிந்த நமக்கு இது புதிதன்று. 1767இல் ஸ்பெயின் மன்னர் இயேசு சபையாரை வெளியேற்றினார். பின்னர் பிரான்சிஸ்கன் சபையார் வந்தார்கள். சபைதான் மாறியது. பிஸ்கால் பொறுப்பு இன்றும் இருக்கிறது.

கட்டியவர்களும் ஊராரே. மிங்கா என்ற கூட்டுழைப்பு முறையில் கூலி கிடையாது, சாப்பாடு உண்டு. மரத்துக்குப் பஞ்சமில்லை, இரும்புதான் அரிது. படகு கட்டிப் பழகிய கைகள் ஆணிக்குப் பதில் மரமுளை அடித்து உத்தரங்களைப் பூட்டின. நடுக்கூடத்தின் வளைந்த மச்சிலும் அந்தப் படகுத் தச்சுதான் தெரிகிறது. ஓயாத மழை நாடு என்பதால் அடிமரம் ஈரத்தில் ஊறாதபடி கட்டடத்தைக் கல்மேல் தூக்கி நிறுத்தினார்கள். வெளிச்சுவருக்கு ஓடு அடுக்குவதுபோல மரச்சில்லுகளை அடுக்கினார்கள். முகப்பில் தூண் மண்டபம், அதன்மேல் ஒற்றைக் கோபுரம், முன்னால் திடல், அதற்கப்பால் கடல். கடலோடிகளுக்குக் கரையடையாளமும் அந்தக் கோபுரமே. தெனாவுன் கோயிலுக்கு மட்டும் மூன்று கோபுரங்கள்.

இன்றிருப்பவற்றில் பழையது அச்சாவோ ஊரின் லொரேத்தோ மாதா கோயில். ஏறத்தாழ 1740இல் எழுந்தது. காஸ்த்ரோவின் பெரிய கோயில் பிந்தியது. பழையது தீக்கிரையானபின் இத்தாலியரான எதுவார்தோ புரோவாசோலி வரைபடம் தர, உள்ளூர்த் தச்சர்கள் 1910இல் வேலை தொடங்கினார்கள். வெளியே வண்ணம் பூசிய தகரம். அந்தப் பகட்டு எனக்கு ஒட்டவில்லை. உள்ளே போனால் அத்தனையும் மரம், அங்கே குறைசொல்ல ஒன்றுமில்லை.

எஞ்சியுள்ள ஐம்பது அறுபது கோயில்களில் 16 கோயில்களை யுனெஸ்கோ 2000இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உளுத்த கட்டையைக் கழற்றிப் புதுக்கட்டை பொருத்துவது அங்கே தலைமுறை தலைமுறையாக நடப்பது. ஆகையால் எந்தக் கட்டை எந்த நூற்றாண்டு என்று துருவுவதில் எனக்கு ஆர்வமில்லை. பொருத்தும் முறை பிசகாமல் இருக்கிறதா என்பதே கேள்வி. மரச்சில்லுக்குப் பேர்போன அலெர்சே மரம் மூவாயிரம் ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. உயிரோடு நிற்கும் அலெர்சேயை வெட்ட 1976 முதல் தடை. பழுதுபார்ப்போர் பட்டுப்போன மரத்தையோ வேறு இனத்தையோ தேட வேண்டியிருக்கிறது. இப்பணிகளுக்காக 1993இல் ஓர் அறக்கட்டளை அமைந்தது. ஆன்குத் நகரில் அது நடத்தும் காட்சிக்கூடத்தில் இக்கோயில்களின் சிறு மாதிரிகள் இருக்கின்றன. எந்தக் கட்டை எதில் பூட்டியிருக்கிறது என்பதை அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம்.