ஹோஷின் கன்ரி

ஹோஷின் கன்ரி என்பது, நிறுவனத்தின் தலைமை ஆண்டுதோறும் வகுக்கும் ஓரிரு குறிக்கோள்களைக் கடைசி உற்பத்தி லைன்வரை கொண்டுசேர்த்து, வேலை எதிர்பார்த்தபடி நடக்கிறதா என்று குறித்த இடைவெளியில் சரிபார்க்கும் மேலாண்மை முறை. 1960களில் ஜப்பானில் உருப்பெற்றது. இந்தியத் தொழிற்சாலைகளில் 'பாலிசி டிப்ளாய்மென்ட்' என்றால்தான் பலருக்கும் புரியும். கைசன் எனப்படும் தொடர் மேம்பாட்டோடு சேர்ந்தே வளர்ந்த முறை இது. கைசன் தொழிலாளியின் கையில் தொடங்குவது. ஹோஷின் தலைவரின் மேசையில் தொடங்குவது. இரண்டும் நடுவில் எங்கோ சந்திக்க வேண்டும். அந்தச் சந்திப்பு நிகழ்ந்த இடங்களும் நிகழாமல் போன இடங்களும்தான் இதன் வரலாறு. எக்ஸ் மேட்ரிக்ஸ், ஏ3 தாள் போன்ற படிவங்களைக் கொண்டு இதை விளக்கும் நூல்கள் நிறைய உண்டு. படிவங்கள் இம்முறையின் மிக எளிதான பகுதி.

வேர்கள்

அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் ஷூவர்ட், உற்பத்தித் தரத்தைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு வரைபடத்தை 1924இல் ஒரு பக்கக் குறிப்பாக எழுதிக் கொடுத்தார். அவருடைய கருத்துகளை ஜப்பானுக்குக் கொண்டு சென்றவர் எட்வர்ட்ஸ் டெமிங். ஜப்பானிய விஞ்ஞானிகள், பொறியாளர்கள் ஒன்றியம் 1950இல் அவரை அழைத்து விரிவுரைகள் நடத்தியது. அந்த உரைகளின் நூலுரிமைத் தொகையை டெமிங் ஒன்றியத்துக்கே விட்டுக்கொடுத்தார். அதிலிருந்து 1951இல் தரத்துக்கான டெமிங் பரிசு பிறந்தது. 1954இல் வந்த ஜோசப் ஜூரன், தரம் என்பது ஆய்வுப் பிரிவின் வேலை அன்று, நிர்வாகத்தின் பொறுப்பு என்று மேலதிகாரிகளிடம் சொன்னார். அதே ஆண்டில் பீட்டர் டிரக்கர் குறிக்கோள்வழி மேலாண்மை பற்றி எழுதிய நூல் அமெரிக்காவில் வெளிவந்தது.

ஜப்பானியர் டிரக்கரையும் படித்தார்கள், டெமிங்கையும் படித்தார்கள். டிரக்கரின் கருத்தை மேலாளர்கள் கையாண்ட விதத்தில், ஆண்டு முடிவில் டார்கெட் எட்டப்பட்டதா என்பதே பெரிய கேள்வியாக நின்றது. டெமிங்கின் மாணவர்களுக்கு அது போதவில்லை. எந்த வழியில் எட்டப்பட்டது, வழி பிசகியிருந்தால் எங்கே பிசகியது என்றும் அவர்கள் கேட்டார்கள். திட்டமிடு, செய், சரிபார், திருத்து என்ற சுழற்சியை லைனிலிருந்து தலைவர் அறைக்கும் நீட்டினார்கள்.

டயர் நிறுவனமான பிரிட்ஜ்ஸ்டோன், டெமிங் பரிசு பெற்ற நிறுவனங்கள் திட்டமிடும் விதங்களை ஆராய்ந்து 1965இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 'ஹோஷின் கன்ரி' என்ற பெயர் நிலைபெற்றது அதில்தான். அந்நிறுவனம் 1968இல் அதே பரிசைப் பெற்றது. அதற்கு முன்பே, 1964இல், கோமாட்சு பெற்றிருந்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கேட்டர்பில்லர், மிட்சுபிஷியோடு கைகோத்து ஜப்பானுக்குள் நுழையவிருந்தது. புல்டோசரின் தரத்தை உயர்த்தாவிட்டால் பிழைப்பில்லை என்ற நிலையில் கோமாட்சு 1961இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. ஆண்டுக் குறிக்கோள்களைப் பகிர்வதற்கு அங்கே உருவான உத்திக்குக் 'கொடி முறை' என்று பெயர். மேலாளரின் குறிக்கோளைக் காட்டும் வரைபடத்தின் கீழ், அதற்குப் பங்களிக்கும் ஒவ்வொரு பிரிவின் வரைபடமும் கொடிபோல் தொங்கும். எந்தப் பிரிவு பின்தங்குகிறது என்பதைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

டொயோட்டா: மேலிருந்து வந்த மூன்று நிமிடம்

டொயோட்டா 1950இல் திவாலின் விளிம்பில் நின்றது. ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமும் சேர்ந்து, நிறுவனர் கீச்சிரோ டொயோடா பதவி விலக நேர்ந்தது. அதே ஆண்டு ஃபோர்டு ஆலையைப் பார்க்க அமெரிக்கா போன, நிறுவனத்தைச் சேர்ந்த எய்ஜி டொயோடா, அங்கே கண்ட தொழிலாளர் யோசனைத் திட்டத்தை மனத்தில் வாங்கிக்கொண்டு திரும்பினார். 1951இல் டொயோட்டாவிலும் அப்படி ஒன்று தொடங்கியது. நிறுவனம் முழுமையான தரக் கட்டுப்பாட்டை 1961இல் ஏற்று, 1965இல் டெமிங் பரிசையும் வென்றது.

ஆனால் ஹோஷினும் கைசனும் எப்படிச் சந்திக்கின்றன என்பதைப் பரிசுப் பட்டியலைவிட ஒரு பிரஸ் இயந்திரம் நன்றாகக் காட்டுகிறது. 1969இல் டொயோட்டாவின் 1,000 டன் பிரஸ் ஒன்றில் டை (தகட்டுக்கு வடிவம் தரும் அச்சு) மாற்ற 4 மணி நேரம் பிடித்தது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் அதே வேலையை 2 மணி நேரத்தில் முடித்துக்கொண்டிருந்தது. அவர்களை முந்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆலோசகர் ஷிகியோ ஷிங்கோவும் ஆலைப் பொறியாளர்களும் ஆறு மாதம் பாடுபட்டு 90 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். மூச்சு விடுவதற்குள் அடுத்த உத்தரவு: மூன்று நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும்.

இந்த இடத்தில் பெரும்பாலான தொழிற்சாலைகளில் என்ன நடக்கும் என்பது தெரிந்ததே. ஷிஃப்ட் சூப்பர்வைசர் தலையாட்டுவார், ரிப்போர்ட்டில் ஏதோ ஒரு எண் ஏறும். ஷிங்கோ வேலையை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். பிரஸ் நின்றால் மட்டுமே செய்யக்கூடியவை சில. பிரஸ் ஓடும்போதே செய்து முடிக்கக்கூடியவை பல: அடுத்த டையை அருகில் கொண்டுவந்து நிறுத்துவது, போல்ட்டுகளை எடுத்து வைப்பது, உயரத்தை முன்கூட்டியே சரிசெய்வது. 1950இல் ஹிரோஷிமாவின் டோயோ கோக்யோ ஆலையில் அவருக்குப் பிடிபட்ட வேறுபாடு இது. இயந்திரம் நின்றபின் செய்துகொண்டிருந்த வேலைகளில் முடிந்தவற்றையெல்லாம் அது ஓடும் நேரத்துக்கு மாற்றினார்கள். மூன்று மாதத்தில் மூன்று நிமிடம் கைகூடியது. எண் மேலிருந்து வந்தது. வழி கீழே பிறந்தது. டை மாற்றம் சுலபமானதால் ஒரே பாகத்தை ஆயிரக்கணக்கில் அடித்துக் குவிக்கும் தேவை குறைந்தது. டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ வளர்த்துவந்த, தேவைப்படும்போது தேவைப்படும் அளவே செய்யும் முறைக்கு இது பெரிய பலம்.

எல்லாக் குறிக்கோள்களும் இப்படி ஒரே உத்தரவில் இறங்குவதில்லை. வழக்கமான நடைமுறை பந்தை எறிந்து பிடிப்பதுபோல் இருக்கும்; அதற்குப் பெயரே 'கேட்ச்பால்' தான். ஆலைத் தலைவர், "வாடிக்கையாளர் புகார் பாதியாகக் குறைய வேண்டும்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அசெம்பிளி மேலாளர் புகார்களைப் பிரித்துப் பார்த்து, பெரும்பகுதி எண்ணெய்க் கசிவால் வருவது, அதுவும் சீல் பொருத்தும் ஒரே ஸ்டேஷனில் தொடங்குவது என்று காட்டுகிறார். அந்த ஸ்டேஷனின் ஆபரேட்டர், "சப்ளையர் அனுப்பும் சீலிலேயே பிசிர் இருக்கிறது, நான் எவ்வளவு கவனமாகப் பொருத்தினாலும் கசியும்" என்கிறார். பந்து இப்போது கொள்முதல் பிரிவுக்குப் போகிறது. பிறகு எண் மாறலாம், கெடு மாறலாம், பொறுப்பாளரே மாறலாம். எந்தப் பந்தும் திரும்பி வராத ஆலையில் நடப்பது ஹோஷின் ஆகாது. அங்கே சுற்றறிக்கைதான் இறங்குகிறது.

கடல் கடந்து

ஹியூலெட்-பேக்கர்டின் ஜப்பானியக் கூட்டு நிறுவனமான யோகோகாவா ஹியூலெட்-பேக்கர்ட் 1982இல் டெமிங் பரிசு பெற்றது. அதன் வழியாக ஹோஷின் தாய் நிறுவனத்துக்கும் பிற அமெரிக்க நிறுவனங்களுக்கும் பரவியது. மசாகி இமாய் 1986இல் எழுதிய நூல் கைசன் என்ற சொல்லை உலகெங்கும் கொண்டுபோனது.

ஜப்பானுக்கு வெளியே முதன்முதலாக டெமிங் பரிசு பெற்றது ஒரு மின்விநியோக நிறுவனம்: ஃபுளோரிடா பவர் அண்டு லைட், 1989இல். சேவைத் துறையிலும் இம்முறை எடுபடும் என்பதற்கு அது சாட்சியாகக் காட்டப்பட்டது. பரிசு வந்த சூட்டோடு ஊழியர்களின் புலம்பலும் வெளியே வந்தது. கோப்புகள், விளக்கப் படங்கள், ரிவ்யூவுக்கான ஒத்திகைகள் எனத் தேர்வுக்குப் படிப்பதுபோல் ஆகிவிட்டது என்றார்கள். தர நிர்வாகத்துக்கென்று கட்டியிருந்த அமைப்பின் பெரும்பகுதியைப் புதிய தலைமை கலைத்தது. இந்த முறையைக் குறைசொல்பவர்கள் இன்றும் முதலில் எடுத்துக்காட்டுவது இதைத்தான். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு.

இந்தியாவில் இதன் கதை சென்னைப் பாடியில் தொடங்குகிறது. டிவிஎஸ் குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998இல் டெமிங் பரிசு பெற்ற முதல் இந்திய நிறுவனம் ஆனது. 2002இல் அதற்கடுத்த படியான ஜப்பான் தரப் பதக்கத்தையும் பெற்றது. அதே ஆண்டு டிவிஎஸ் மோட்டாருக்கும், பின்னர் ரானே குழும நிறுவனங்களுக்கும் டெமிங் பரிசு கிடைத்தது. ஜப்பானியப் பேராசிரியர் யோஷிகாசு ட்சுடா இந்திய நிறுவனங்கள் பலவற்றுக்கு ஆலோசகராக இருந்தார். லாரி, கார், பைக் நிறுவனங்களுக்குப் பாகம் செய்துகொடுக்கும் ஆலைகள் சென்னையைச் சுற்றி நெருக்கமாக இருந்ததும் இம்முறை ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவ உதவியது.

மருத்துவமனைகளில் அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள வர்ஜீனியா மேசன். அதன் தலைவர்கள் 2002இல் ஜப்பான் ஆலைகளுக்குச் சென்று படித்தார்கள். கோளாறைக் கண்ட தொழிலாளி லைனை நிறுத்துவதுபோல், ஆபத்தைக் கண்ட எந்த ஊழியரும் வேலையை நிறுத்தலாம் என்று விதி வகுத்தார்கள். ஆனாலும் 2004இல் ஒரு நோயாளிக்கு, பரிசோதனைக்கான சாயத்துக்குப் பதிலாகக் கிருமிநாசினி ஊசியில் ஏற்றப்பட்டு அவர் இறந்தார். முன்பு பயன்படுத்திய கிருமிநாசினி பழுப்பு நிறம்; புதியதற்கு நிறமே இல்லை. லேபிள் இல்லாத பாத்திரத்தில் இருந்தபோது சாயமும் அதுவும் ஒன்றுபோலவே தெரிந்தன. மருத்துவமனை தவற்றைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டுக்கு அதன் நிறுவனக் குறிக்கோள் ஒன்றே ஒன்று: நோயாளியின் பாதுகாப்பு. பத்துக் குறிக்கோள் வைத்திருக்கும் நிறுவனத்துக்குக் குறிக்கோளே இல்லை என்று ஹோஷின் பயிற்சியாளர்கள் சொல்வதன் பொருள் இங்கே விளங்கும்.

பிறந்த வீட்டில்

2002இல் டொயோட்டா உலகச் சந்தையில் 15 சதவீதத்தைப் பிடிக்கும் இலக்கை அறிவித்தது. 2009, 2010 ஆண்டுகளில் லட்சக்கணக்கான கார்களைத் திரும்பப் பெற நேர்ந்தபின், தலைவர் அக்கியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நின்றார். பாதுகாப்பு, தரம், அளவு என்ற வரிசை குழம்பிவிட்டது என்றும், ஆட்களையும் அமைப்பையும் வளர்க்கும் வேகத்தை மீறி நிறுவனம் வளர்ந்துவிட்டது என்றும் அவர் ஒப்புக்கொண்டார்.

அதைவிடக் கசப்பானது டொயோட்டாவுக்கு முழுச் சொந்தமான டைஹாட்சு கார் நிறுவனத்தில் வெளிவந்தது. 2023 டிசம்பரில் விசாரணைக் குழு, 64 மாதிரிகளின் பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு கண்டது. மிகப் பழையது 1989ஆம் ஆண்டையது. மிக இறுக்கமான கெடுக்களையும், 'முடியாது' என்று மேலே சொல்ல வழியில்லாத சூழலையும் குழு காரணமாகக் காட்டியது. நிறுவனம் எல்லா வண்டிகளின் அனுப்பீட்டையும் நிறுத்தியது. 2024 மார்ச்சில் டொயோட்டாவிலிருந்து புதிய தலைவர் வந்தார். புதிய மாதிரி ஒன்றை உருவாக்குவதற்கான கால அளவை முன்பைவிடச் சுமார் 1.4 மடங்காக நீட்டிப்பதாக டைஹாட்சு அறிவித்தது.