சுரங்கத்தில் பிறந்த ஊசி

தடுப்பூசி என்றதும், "அது சின்னப் புள்ளைகளுக்குப் போடுறதுதானே" என்று எங்கட ஆட்கள் சொல்லுவாங்க. நிமோனியாத் தடுப்பூசியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது நான் கண்டது வேறு கதை. அது முதன்முதலில் பெருமளவில் ஏற்றப்பட்டது வளர்ந்த ஆண்களுக்கு. அதுவும் கறுப்பினத் தொழிலாளருக்கு.

தென்னாபிரிக்காவின் விற்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களுக்கு வெப்பநாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள், நெருக்கமான விடுதிகளில் அடைபட்டு நிமோனியாவால் மடிந்தார்கள். 1911இல் சுரங்க முதலாளிகள் லண்டனிலிருந்து அல்ம்ரொத் ரைட் என்ற மருத்துவரை வரவழைத்தனர். கொல்லப்பட்ட கிருமிகளை அவர் ஊசியாக ஏற்றினார். பலன் தெளிவாகவில்லை. 1913இல் அரசாங்கம் தென் அகலக்கோடு 22 பாகைக்கு வடக்கே ஆட்சேர்ப்பதையே தடைசெய்தது. ஏன் தெளிவாகவில்லை என்பதற்கு ஸ்பென்சர் லிஸ்டரின் ஆய்வு வழிகாட்டியது: நியூமோகொக்கஸ் ஒரே கிருமியல்ல, பல வகை. ஒரு வகைக்குப் போட்ட ஊசி இன்னொன்றைத் தடுக்காது.

பின்பு கிருமியின் மேலுறையிலுள்ள சர்க்கரைப் பொருளிலிருந்தே ஊசி செய்தார்கள். 1945இல் அமெரிக்கப் படைவீரரிடம் அது பலித்தது. ஆனால் பென்சிலின் வந்ததும், "இனி ஊசி எதற்கு?" என்று கைவிட்டுவிட்டார்கள். றொபேட் ஒஸ்ரியன் விடவில்லை. மருந்து கொடுத்தும் பலர் முதல் சில நாட்களிலேயே இறப்பதை 1964இல் எடுத்துக்காட்டினார். 1970களில் திரும்பவும் அதே தென்னாபிரிக்கச் சுரங்கங்களில்தான் பரிசோதனை. 14 வகைகளுக்கான ஊசி 1977இலும், 23 வகைகளுக்கானது 1983இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அதன் பலனை முதலில் பெற்றவர்கள் பணக்கார நாட்டு முதியோர். இந்தக் கடனை மருத்துவ வரலாறு உரத்துச் சொல்வதில்லை.

எங்களுக்கு இதில் என்ன? ஹஜ்ஜுக்குப் போறவங்க மூளைக்காய்ச்சல் ஊசியைக் கட்டாயம் போடுறாங்க. விசாவுக்கு அது வேணும். நிமோனியா ஊசியை யாரும் கேட்பதில்லை, ஆகவே நாமும் கேட்பதில்லை. ஆனால் ஹாஜிகளை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் முக்கிய நோய்களில் நிமோனியாவும் ஒன்று.

இந்த ஊசி எல்லா நிமோனியாவையும் தடுக்காது. நியூமோகொக்கஸின் சில வகைகளையே தடுக்கும். ஆயினும் 65 வயதைத் தாண்டிய வாப்பா, உம்மாவுக்கும், சீனி வருத்தம், இதய நோய், ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் அது தேவையா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். பெயர் எழுதப்படாத அந்தச் சுரங்கத் தொழிலாளர் கொடுத்த விலையை வீணாக்காதிருக்க நம்மால் முடிந்தது அதுதான்.