ஆயிரம் தட்டும் ஒரு ஹார்மோனியமும்

போன மாசம் ஒரு ராத்திரி, ஆபீஸ் வேலை முடிஞ்சும் தூக்கம் வராம, பழைய பிரிட்டிஷ் இண்டி இசைத்தட்டுகளைப் பற்றி நோட்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். காலேஜ் ஹாஸ்டலில் ஒருத்தன் கொடுத்த காப்பி கேசட்டில் தி ஸ்மித்ஸ் கேட்ட நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட பைத்தியம் இது. எழுத எழுத, மனசு எங்க ஊர் ராசிங்காபுரம் ரோட்டுக்கே வந்து நின்றுவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த ஊர்க் கதை. 1976 டிசம்பரில் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு நாலு பாட்டைப் பதிவு செய்தது. பெரிய கம்பெனி வாசலில் காத்திருக்கவில்லை. 500 பவுண்டு கடன் வாங்கி, நியூ ஹார்மோன்ஸ் என்று தாங்களே ஒரு லேபிள் ஆரம்பித்து, 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' தட்டை 1,000 பிரதி அடித்தார்கள். எந்தப் பாட்டு எத்தனாவது டேக் என்பதைக்கூட உறையில் போட்டார்கள். 1978ல் ஸ்க்ரிட்டி பொலிட்டி இன்னும் ஒரு படி மேலே போனது. தங்கள் முதல் தட்டின் உறையில் தயாரிப்புச் செலவுக் கணக்கையே அச்சடித்துவிட்டார்கள். என் பாஷையில் சொன்னால் ஓப்பன் சோர்ஸ். கணக்கைப் பார்த்தவன், "அட, இவ்வளவுதானா? நாமளும் போடலாமே" என்று கிளம்பினான். 1986ல் என்.எம்.இ. பத்திரிகை 22 குழுக்களின் பாட்டை 'சி86' என்ற ஒரே கேசட்டில் தொகுக்கிற அளவுக்குக் கூட்டம் சேர்ந்துபோச்சு.

இப்ப நம்ம ரோட்டுக்கு வருவோம். ராசிங்காபுரத்திலிருந்து தெற்கே தேவாரம் தாண்டினால் பண்ணைப்புரம். பாவலர் வரதராசனின் ஊர். இளையராஜாவின் அண்ணன் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த அடையாளத்துக்குப் பல வருஷம் முன்பே அவர் இந்த மலைச்சரிவுகளில் பாட்டால் அறியப்பட்ட கம்யூனிஸ்ட். ஒரு ஹார்மோனியம், கூடப் பாட வீட்டுத் தம்பிகள். பாவலர் பிரதர்ஸ் அவ்வளவுதான்.

1958 தேவிகுளம் இடைத்தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். போடிமெட்டு ஏறி அந்தப் பக்கம் போனால் வரும் தொகுதி. அப்போது கேரள சட்டசபையில் 126 இடம். கம்யூனிஸ்டுகளுக்கு 60, ஆதரவு சுயேச்சைகள் 5. ரோசம்மா புன்னூஸின் 1957 வெற்றி செல்லாது என்று ஆனதால் மறுபடி தேர்தல். ஒரு இடம் போனாலும் இ.எம்.எஸ். அரசுக்கு ஆட்டம்தான். மூணாறு தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மலையாளப் பேச்சு அவர்களிடம் எவ்வளவு தூரம் போகும்? பாவலர் போனார், தமிழில் பாடினார். ரோசம்மா மறுபடி ஜெயித்தார்.

அவர் கையாண்ட முறைதான் எனக்கு முக்கியம். ஜனங்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டை எடுத்து, வார்த்தையை மாற்றிவிடுவார். காங்கிரஸின் அன்றைய சின்னமான இரட்டைக் காளையைக் கேலி செய்த பாட்டு மலை முழுக்கப் பரவியது. "இரவல் மெட்டுதானே, இதில் என்ன சுயம்?" என்று கேட்கலாம். மெட்டு ஏற்கெனவே கேட்கிறவன் தலைக்குள் இருக்கு. புதுசாகப் போய்ச் சேர வேண்டியது நாலு வரிதான். தட்டு வேண்டாம், கடை வேண்டாம். ரஃப் டிரேட் மாதிரி ஆட்கள் லண்டனில் கடை திறந்து விநியோகம் செய்து தீர்த்த பிரச்சினையை, இவர் செலவே இல்லாமல் தீர்த்துவிட்டார். கட்சி மேடை பின்னால் இருந்தது உண்மைதான். ஆனால் சொல்லும் குரலும் வாத்தியமும் அந்த வீட்டுடையது.

பிறகு தம்பிகள் மெட்ராஸ் கிளம்பியபோது, அம்மா சின்னத்தாயம்மாள் வீட்டு ரேடியோவை விற்றுப் பணம் கொடுத்ததை இளையராஜாவே சொல்லியிருக்கிறார். பஸ்காக்ஸ் கடன் வாங்கிப் பதிவு செய்த அதே 1976ல்தான் 'அன்னக்கிளி'யும் வந்தது.

இரண்டு கதைக்கும் நடுவே ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. அங்கே 1,000 தட்டு அடித்தார்கள், அதனால் இன்றைக்கும் யாராவது ஒருத்தர் அலமாரியில் அது இருக்கு. டேக் எண் வரைக்கும் நான் பெங்களூரில் உட்கார்ந்து படிக்க முடியுது. தேவிகுளத்தில் பாடியது பாடிய இடத்திலேயே காற்றோடு போனது. செலவில்லாத விநியோகத்துக்குக் கொடுத்த விலை அது.

எங்க அப்பத்தா இளவட்டத்தில் ஏலக்காய்க் காட்டு வேலைக்கு மலை ஏறினவர். காளைப் பாட்டை அங்கேதான் கேட்டேன் என்பார். ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது போனில் பதிவு செய்தேன். 40 செகண்ட். ரெண்டு வரி பாடிவிட்டுச் சிரித்தார். "மிச்சம் அப்புறம் ஞாபகம் வரும்டா, முதல்ல சாப்பிடு" என்றார். பொங்கலுக்குப் பார்த்துக்கலாம் என்று நானும் விட்டுட்டேன். அந்தப் பொங்கலுக்கு அப்பத்தா இல்லை.

வெளிநாட்டுக் குழுவின் டேக் எண்ணையெல்லாம் குறித்து வைத்திருக்கிற நான், வீட்டில் இருந்த பாட்டை முழுசா வாங்கி வைக்கவில்லை. இதைப் படிக்கிறவர்களில் போடி, தேவாரம், கம்பம், மூணாறு பக்கத்து ஆட்கள் இருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள்: வீட்டில் எண்பது தாண்டியவர்கள் இருந்தால், அந்தக் காலத்து எலெக்‌ஷன் பாட்டு ஒண்ணு பாடச் சொல்லுங்கள். போனை ஆன் பண்ணி வெச்சிட்டுக் கேளுங்கள். சாப்பாடு கொஞ்சம் ஆறினால் பரவாயில்லை.