டாட்ஜ் சிட்டி

டாட்ஜ் சிட்டி, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஆர்கன்சாஸ் ஆற்றங்கரையில் உள்ள நகரம். ஃபோர்டு கவுன்ட்டியின் தலைமையிடம். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 27,788. கௌபாய் படங்களாலும் தொலைக்காட்சித் தொடர்களாலும் துப்பாக்கிச் சண்டைக்குப் பேர்போன ஊராக உலகம் இதை அறியும். உண்மையில் இவ்வூரை உருவாக்கியதும் வளர்த்ததும் ரயில்பாதையும் கால்நடை வணிகமும்தான்.

மேற்குத் தீர்க்கரேகை 100 பாகை இந்நகரின் ஊடே செல்கிறது. இந்தக் கோட்டுக்கு மேற்கே மழையை மட்டும் நம்பிப் பயிர் செய்வது கடினம் என்பது அமெரிக்க நில ஆய்வாளர்களின் பழைய கணிப்பு. உழவுக்கு நிச்சயமற்ற இந்நிலத்தில் தானாக விளைந்தது புல். புல்லைத் தின்று வாழ்ந்தவை காட்டெருமைகள். ஊரின் முதல் வணிகம் அவற்றிலிருந்தே தொடங்கியது.

தோற்றம்

மிசௌரிக்கும் நியூ மெக்சிகோவுக்கும் இடையிலான சான்டா ஃபே வணிகப் பாதையைக் காக்க 1865இல் அமெரிக்க ராணுவம் இப்பகுதியில் டாட்ஜ் கோட்டையை அமைத்தது. கயோவா, கமாஞ்சி, செயேன், அரப்பாஹோ ஆகிய பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வந்த நிலம் இது. 1871இல் ஹென்றி சிட்லர் என்பவர் கோட்டைக்கு மேற்கே ஐந்து மைல் தொலைவில், புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளால் வீடு கட்டினார்.

கோட்டையிலிருந்து ஐந்து மைல் எல்லைக்குள் மது விற்கத் தடை இருந்தது. 1872 ஜூனில் ஜார்ஜ் ஹூவர் என்ற வணிகர் வண்டி நிறைய விஸ்கியோடு வந்தார். சக்கரத்தில் துணி ஒன்றைக் கட்டி, அது எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டே வந்து, ஐந்து மைல் முடிந்த இடத்தில் வண்டியை நிறுத்தினார் என்று சொல்வார்கள். இருபுறமும் மண்கட்டிகளை அடுக்கி, மேலே ஒரு பலகையைப் போட்டு வியாபாரத்தைத் தொடங்கினார். ஊரின் முதல் கடை அந்த மதுக்கடையே. ஹூவர் பின்னாளில் நகரத்தந்தையாகவும் வங்கி உரிமையாளராகவும் உயர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அட்சிசன், டொப்பீக்கா அண்ட் சான்டா ஃபே ரயில் நிறுவனத்தின் பாதை ஊரை எட்டியது.

காட்டெருமைத் தோல்

ரயில் வந்த கையோடு தோல் வணிகம் சூடுபிடித்தது. 1870களின் தொடக்கத்தில் காட்டெருமைத் தோலைப் பதனிட்டு இயந்திரப் பட்டைகளுக்கும் காலணிகளுக்கும் பயன்படுத்தும் முறை கைகூடியிருந்தது. அதனால் கிழக்கு மாநிலங்களிலும் ஐரோப்பாவிலும் தோலுக்குக் கிராக்கி ஏறியது. வேட்டைக்காரர்கள் நெடுந்தூரம் சுடும் துப்பாக்கிகளால் மந்தை மந்தையாக வீழ்த்தித் தோலை மட்டும் உரித்துக்கொண்டு, உடலை வெளியிலேயே அழுகவிட்டார்கள். சார்லஸ் ராத், ராபர்ட் ரைட் ஆகியோரின் நிறுவனம் இவ்வணிகத்தில் முன்னணியில் நின்றது. அவர்களுடைய கிடங்கு முற்றத்தைக் காட்டும் நிழற்படம் இன்றும் உள்ளது: சுமார் 40,000 தோல்கள் வைக்கோற்போர் போலக் குவிந்திருக்க, உச்சியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

1867இன் மெடிசின் லாட்ஜ் ஒப்பந்தம் ஆர்கன்சாஸ் ஆற்றுக்குத் தெற்கே வேட்டையாடும் உரிமையைப் பழங்குடியினருக்கு அளித்திருந்தது. வடக்கே எருமை அருகியதும் டாட்ஜ் சிட்டி வேட்டைக்காரர்கள் ஆற்றைக் கடந்தார்கள். டெக்சாஸின் அடோபி வால்ஸ் என்ற இடத்தில் கடைகளும் போட்டார்கள். 1874 ஜூன் 27 அன்று கமாஞ்சி, கயோவா, செயேன் வீரர்கள் அங்கே தாக்கினார்கள். அதைத் தொடர்ந்த செவ்வாற்றுப் போர் 1875இல் முடிந்தபோது, தென்சமவெளிப் பழங்குடியினர் ஒதுக்கீட்டு நிலங்களுக்குள் அடைக்கப்பட்டிருந்தார்கள். அதே காலத்தில் டாட்ஜ் சிட்டியின் சுற்றுப்புறத்தில் எருமைகளும் இல்லாமல் போயின. வெட்டவெளியில் வெளுத்துக் கிடந்த எலும்புகளை ஏழைக் குடியேறிகள் பொறுக்கி, உரத்துக்கும் சர்க்கரை சுத்திகரிப்புக்கும் விற்றுச் சில காலம் பிழைத்தார்கள்.

மாட்டு மந்தைகளின் பத்தாண்டு

உள்நாட்டுப் போருக்குப்பின் டெக்சாஸில் நீள்கொம்பு மாடுகள் பெருகிக் கிடந்தன. அவற்றுக்கு நல்ல விலை வடக்கே கிடைத்தது. அம்மாடுகளை ரயிலடிக்கு ஓட்டிவர இரண்டு, மூன்று மாதங்கள் பிடித்தன. ஆனால் அவை சுமந்துவந்த உண்ணிகளால் பரவிய காய்ச்சலில் கான்சஸ் உழவர்களின் மாடுகள் செத்தன. உண்ணியே காரணம் என்பது அப்போது எவருக்கும் தெரியாது. குடியேற்றம் மேற்கே நகர நகர, டெக்சாஸ் மாடுகள் நுழையக்கூடாத எல்லையை மாநில அரசும் மேற்கே தள்ளிக்கொண்டே போனது. இதனால் ஆபிலீன், எல்ஸ்வொர்த், விச்சிட்டா ஆகிய ஊர்கள் அடுத்தடுத்து மாட்டுச் சந்தையை இழந்தன. 1876இல் எல்லைக்கோடு மீண்டும் நகர்ந்தபோது சந்தை டாட்ஜ் சிட்டிக்கு வந்து சேர்ந்தது. இங்கு வந்த மந்தைகளில் ஒரு பகுதி ரயிலேறியது. மற்றவை நெப்ராஸ்கா, மொன்டானா மேய்ச்சல் நிலங்களுக்கு நடந்தே சென்றன.

மாதக்கணக்கில் மாட்டோடு கிடந்து ஊருக்குள் வந்த கௌபாய்களின் கையில் மொத்தக் கூலி இருந்தது. அவர்களில் கறுப்பினத்தவரும் மெக்சிகோ வழியினரும் கணிசமாக இருந்தார்கள். ரயில்பாதையை ஒட்டிய ஃபிரன்ட் ஸ்ட்ரீட்டில் மதுக்கடைகளும் சூதாட்டக் கூடங்களும் நடன அரங்குகளும் நிறைந்தன. மதுக்கடைக்காரர்களும் சூதாடிகளும் பாலியல் தொழிலாளிகளும் கட்டிய உரிமக் கட்டணங்களையும் அபராதங்களையும் கொண்டே நகராட்சி பெருமளவு நடந்தது.

சட்டமும் துப்பாக்கியும்

கவுன்ட்டி நிர்வாகமே அமையாத முதல் ஓராண்டுதான் (1872–73) இவ்வூரின் மிகக் கொடிய காலம். பதினைந்துக்கும் குறையாதோர் கொல்லப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. 1875இல் நகராட்சி அமைந்தபின் நிலைமை மாறியது. ரயில்பாதைக்கு வடக்கே துப்பாக்கி ஏந்தக்கூடாது என்று விதி வந்தது. ஊருக்குள் வருவோர் துப்பாக்கியைக் கடைகளில் ஒப்படைத்துவிட்டுத்தான் நடமாட வேண்டும். பாட் மாஸ்டர்சன், வயட் எர்ப் போன்ற காவலர்களின் அன்றாட வேலை, குடித்தவர்களிடமிருந்து ஆயுதத்தைப் பறிப்பதே. அந்த வேலையில் இருந்தபோதுதான் நகர மார்ஷல் எட் மாஸ்டர்சன் 1878 ஏப்ரல் 9 அன்று சுடப்பட்டு இறந்தார்; பாட் மாஸ்டர்சன் இவருடைய தம்பி.

வரலாற்றாசிரியர் ராபர்ட் டைக்ஸ்ட்ரா 1870 முதல் 1885 வரை கான்சஸின் ஐந்து மாட்டுச் சந்தை ஊர்களில் நடந்த கொலைகளை எண்ணிப் பார்த்தார்: மொத்தம் 45. டாட்ஜ் சிட்டியின் சந்தைக் காலத்தில் விழுந்தவை 15. ஆயிரம் பேர் அளவில் வாழ்ந்த ஊருக்கு இது குறைந்த வீதமல்ல என்று மறுப்போரும் உண்டு. எனினும், நாளுக்கொரு பிணம் விழுந்த ஊர் என்பது திரைப்படக் கற்பனை. 1883இன் ‘டாட்ஜ் சிட்டிப் போர்’ இதற்கு நல்ல சான்று. லாங் பிராஞ்ச் மதுக்கடையின் பங்குதாரர் லூக் ஷார்ட்டை எதிர்க்கட்சியினர் ஊரைவிட்டு விரட்ட, அவர் எர்ப், பாட் மாஸ்டர்சன் முதலிய நண்பர்களைத் திரட்டிக்கொண்டு திரும்பினார். ஒரு கொலையும் விழாமல் சமரசம் ஆனது. ‘போரில்’ எஞ்சியது எட்டுப் பேர் சேர்ந்து எடுத்துக்கொண்ட நிழற்படம்.

சரிவு

1881 மே மாதம் கான்சஸில் முழு மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. டாட்ஜ் சிட்டி சில ஆண்டுகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. சந்தையைச் சாய்த்தது 1885இன் மாட்டுத் தடைச் சட்டம். மாநிலம் முழுவதும் டெக்சாஸ் மாடுகள் நுழைய அது தடை விதித்தது. அவ்வாண்டின் இறுதியில் தீ விபத்துகள் ஃபிரன்ட் ஸ்ட்ரீட்டின் பெரும்பகுதியை அழித்தன. 1886 ஜனவரியின் பனிப்புயலில் மேய்ச்சல் நிலத்து மாடுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. சந்தையை நம்பியிருந்தோர் வேறு ஊர் தேடிப் போனார்கள்.

எஞ்சியோர் உழவுக்குத் திரும்பினார்கள். மருந்து வியாபாரத்தில் பணம் குவித்த நியூயார்க் மாநிலச் செல்வந்தர் ஏசா சோல், ஆர்கன்சாஸ் ஆற்றிலிருந்து 96 மைல் நீளக் கால்வாய் வெட்டினார். ஆற்றில் போதிய நீர் இல்லாததால் திட்டம் பாழானது. குளிர்காலக் கோதுமையே நிலத்துக்கு ஒத்துவந்தது. முதல் உலகப் போர்க்கால விலையை நம்பிப் புல்நிலத்தை உழுது தள்ளினார்கள். 1930களின் வறட்சியில் புல்லின் பிடிப்பை இழந்த மண் காற்றில் எழுந்தது. 1935 ஏப்ரல் 14, ‘கறுப்பு ஞாயிறு’ அன்று பட்டப்பகலில் ஊர் இருண்டது.

கதையும் வணிகமும்

எருல் ஃபிளின் நடித்த ‘டாட்ஜ் சிட்டி’ திரைப்படம் 1939இல் இங்கேயே முதலில் திரையிடப்பட்டது. இவ்வூரைக் களமாகக் கொண்ட ‘கன்ஸ்மோக்’ தொலைக்காட்சித் தொடர் 1955 முதல் 1975 வரை 635 பகுதிகளாக ஒளிபரப்பானது. அதன் நாயகன் மார்ஷல் மாட் டிலன் முழுக்கக் கற்பனைப் பாத்திரம். அத்தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, 1970இல், நகரச் சீரமைப்பின் பெயரில் ஃபிரன்ட் ஸ்ட்ரீட்டின் பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டன. சுற்றுலாப் பயணிகள் இன்று காண்பது பூட் ஹில் அருங்காட்சியகம் கட்டிய மாதிரித் தெருவையே.

1980 முதல் பெரிய இறைச்சி ஆலைகள் ஊரின் பொருளாதாரத்தைத் தாங்குகின்றன. நிலத்தடி நீரில் விளையும் தீவனத்தைத் தின்று கொழுத்த மாடுகள் அங்கே வெட்டப்பட்டு நாடெங்கும் போகின்றன. மெக்சிகோ, குவாதமாலா, வியட்நாம், சோமாலியா நாடுகளிலிருந்து வந்தோர் இவ்வேலைகளில் சேர்ந்தார்கள். இன்று நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஹிஸ்பானிய வழியினர்.

எருமை தீர்ந்ததும் தோல் வணிகம் நின்றது. சட்டம் வந்ததும் மந்தை நின்றது. இன்றைய இறைச்சித் தொழிலைத் தாங்கும் ஒகலாலா நிலத்தடி நீரும் ஆண்டுதோறும் இறங்கிவருகிறது. மாட்டுச் சந்தையும் துப்பாக்கியும் இவ்வூரை ஆண்டது பத்தே ஆண்டுகள். மற்ற காலமெல்லாம் அடுத்த பிழைப்பு எது என்ற கேள்வியோடுதான் டாட்ஜ் சிட்டி வாழ்ந்திருக்கிறது.