பட்டறிவு தந்த பீமாரிஸ்தான்கள்

வேதியியலில் முதல் வகுப்பில் தேறிய இளைஞர் ஒருவர் அண்மையில் நம்மைக் காண வந்தார். மருந்து ஆலைகளிலும் பரிசோதனைக் கூடங்களிலும் அவர் வேலை கேட்டுச் சென்ற இடமெல்லாம் எழுந்த முதற்கேள்வி, "முன்னனுபவம் உண்டா?" என்பதுதானாம். "வேலை கொடுத்தால்தானே ஹஜ்ரத் அனுபவம் வரும்? அனுபவம் இருந்தால்தான் வேலை என்கிறார்களே!" என்று அவர் கேட்டபோது நம்மிடம் உடனடி விடை இருக்கவில்லை. நாம் கற்பிப்பது அரபு இலக்கணமும் ஃபிக்ஹும். ஆயினும், அவ்விளைஞர் சென்ற பின் சிந்தித்தபோது, அவர் கேட்டது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பக்தாதிலும் திமிஷ்கிலும் எழுந்த கேள்விதான் என்பது புலப்பட்டது. அதற்கு அன்று கிடைத்த விடைகளை இங்கே தொகுத்துரைக்க விழைகின்றோம்.

சோதனை, அனுபவம் என்று தமிழ் இரு சொற்களால் குறிப்பவற்றை அரபு மொழி 'தஜ்ரிபா' என்னும் ஒரே சொல்லால் குறிக்கின்றது. செய்து பார்ப்பதும், செய்து பார்த்ததால் கிடைத்த தெளிவும் அம்மொழியில் ஒரே வேரில் முளைத்தவை. மருத்துவத்தைப் பொறுத்தவரை இதற்கு மார்க்கச் சட்டத்தின் அழுத்தமும் இருந்தது. மருத்துவம் அறிந்தவர் என அறியப்படாத ஒருவர் சிகிச்சை செய்து தீங்கு நேர்ந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. ஃபுகஹாக்கள் மருத்துவரின் இழப்பீட்டுப் பொறுப்பை விவாதித்தபோது இதனை அடிப்படையாகக் கொண்டனர். எனவே ஒருவர் கற்றவர்தானா, கைப்பழக்கம் உடையவர்தானா என்பது அவருடைய சொந்த விவகாரமாக மட்டும் இருக்கவில்லை. சமூகத்தின் கவலையாகவும் இருந்தது.

அக்கவலை அரசாணையாக வெளிப்பட்ட ஆண்டு ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931. மருத்துவர் ஒருவரின் பிழையால் பக்தாதில் நோயாளி ஒருவர் இறந்துபோன செய்தி அப்பாஸிய கலீஃபா அல்முக்ததிரை எட்டியது. ஸினான் இப்னு ஸாபித் சோதித்துச் சான்றளித்தவர் அன்றி வேறெவரும் மருத்துவம் செய்யலாகாது என்று அவர் முஹ்தஸிபுக்கு ஆணையிட்டார். நகரின் இருமருங்கிலுமாக எண்ணூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் சோதனைக்கு வந்தனர் என்று இப்னுல் கிஃப்தீயும் இப்னு அபீ உஸைபிஆவும் பதிவு செய்துள்ளனர். புகழ்பெற்றவர்களும் அரண்மனை மருத்துவர்களும் இக்கணக்கில் சேரார்.

வந்தவர்களுள் கண்ணியத் தோற்றமுடைய முதியவர் ஒருவரும் இருந்தார். ஸினான் அவரை மதித்து அமர்த்தினார். ஏனையோர் சென்றதும், "யாரிடம் கற்றீர்கள்?" என வினவினார். முதியவர் பொற்காசுகளை எடுத்து அவர்முன் வைத்து, தமக்குச் சரிவர எழுதவோ படிக்கவோ தெரியாது என்பதை ஒப்புக்கொண்டார். குடும்பம் தம்மை நம்பியிருப்பதால் பிழைப்பைப் பறிக்க வேண்டாம் என மன்றாடினார். தெரியாத நோயில் தலையிடக் கூடாது, எளிய நோய்களுக்கன்றிக் குருதி நீக்கவோ பேதி மருந்து கொடுக்கவோ கூடாது என்னும் நிபந்தனைகளோடு ஸினான் அவரை விட்டுவிட்டார். மறுநாள் இளைஞர் ஒருவர் வந்தார். யாரிடம் கற்றாய் என்ற வினாவுக்குத் தந்தையிடம் என்றார். தந்தை யார் என்றால், நேற்று வந்த அதே முதியவர்! ஸினான் அவருக்கும் அதே எல்லையை வகுத்து அனுப்பினார். இந்நிகழ்ச்சி நகைப்பூட்டுவதாயினும் ஓர் உண்மையை உணர்த்துகின்றது. நூலறிவு இல்லாத கைப்பழக்கம் தந்தையிடமிருந்து மகனுக்கு எளிதாகக் கிடைத்துவிட்டது. நூலறிவு பெற்றும் தந்தையின் தொழிற்கூடம் இல்லாத மாணவன் எங்கே செல்வான்?

அவனுக்கு இடமளித்தவையே பீமாரிஸ்தான்கள் எனப்பட்ட மருத்துவமனைகள். ரையிலும் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராக விளங்கிய அபூபக்ர் அர்ராஸீயின் அவையை இப்னுந் நதீம் வருணிக்கின்றார். ராஸீயைச் சுற்றி மாணவர்கள், அவர்களைச் சுற்றி அவர்தம் மாணவர்கள், அதற்கும் அப்பால் ஏனையோர் என வட்டம் வட்டமாக அமர்ந்திருப்பர். நோயாளி முதலில் வெளிவட்டத்தினரிடம் தம் நோயைச் சொல்வார். அவர்களுக்குத் தெரிந்தால் அங்கேயே தீர்வு. இல்லையேல் அடுத்த வட்டம். எவருக்கும் புரியாததே ராஸீயைச் சென்றடையும். இம்முறையில் நேற்றுச் சேர்ந்த மாணவனும் முதல் நாளிலேயே நோயாளியின் முகம் பார்த்துப் பேசினான். அவன் தவறினால் திருத்துவதற்கு உள்வட்டம் இருந்தது.

அதே ராஸீ தமது 'கிதாபுல் அஸ்ரார்' என்னும் வேதியியல் நூலில் பொருள்கள், கருவிகள், செய்முறைகள் என மூன்றையும் வரிசைப்படுத்தினார். உலை, துருத்தி, மூசை, வாலை, குடுவை என ஒரு கூடத்துக்கு வேண்டியவை அனைத்தும் அதில் இடம்பெறுகின்றன. வாலையைக் குறிக்கும் 'அல்அன்பீக்' என்ற அரபுச் சொல்லே பின்னர் ஐரோப்பிய மொழிகளில் குடியேறியது.

திமிஷ்கில் நூருத்தீன் ஸன்கீ 1154இல் நிறுவிய பீமாரிஸ்தான் இம்முறையைச் செம்மைப்படுத்தியது. அதன் மருத்துவரான அபுல் மஜ்த் இப்னு அபில் ஹகம் நாள்தோறும் நோயாளிகளைச் சுற்றிப் பார்ப்பார். அவர் எழுதிய மருந்தும் பத்தியமும் தாமதமின்றி வழங்கப்படும். பிறகு கோட்டைக்குச் சென்று அங்குள்ள பிரமுகர்களைக் கவனித்துத் திரும்புவார். மருத்துவமனையின் பெரிய மண்டபத்தில் விரிப்பு விரித்து நூல்கள் கொணரப்படும். மருத்துவர்களும் மாணவர்களும் சூழ மூன்று மணி நேரம் பாடமும் விவாதமும் நடைபெறும். அந்நூல்கள் நூருத்தீன் வக்ஃபு செய்தவை. நோயாளியின் படுக்கைக்கும் நூலின் ஏட்டுக்கும் இடையே இருந்த தூரம் ஒரு முற்றம் அளவே!

அங்கே பயின்ற இப்னு அபீ உஸைபிஆ, முஸ்லிம் மருத்துவரான அத்தக்வாரும் யூத மருத்துவரான இம்ரானும் நோயாளிகளை ஒருங்கே கவனித்த காட்சியை நன்றியோடு நினைவுகூர்கின்றார். இவ்வத்தக்வார் தமது இல்லத்தையே மருத்துவ மதரஸாவாக்கி, அதன் செலவுக்குச் சொத்துகளையும் வக்ஃபாக விட்டுச் சென்றார்.

எனினும் அக்காலத்திலும் எல்லோருக்கும் கதவு திறந்திருந்தது எனக் கூறுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தின் ஜீஸாவில் ரொட்டி சுடுபவரின் மகனாகப் பிறந்த அலீ இப்னு ரிழ்வானிடம் ஆசிரியருக்குக் கொடுக்கப் பொருள் இல்லை. வீதியில் சோதிடம் கூறிப் பிழைத்துக்கொண்டே நூல்களின் துணையால் மருத்துவம் கற்றார்; பின்னாளில் எகிப்தின் தலைமை மருத்துவராக உயர்ந்தார். ஆசிரியரைவிட நூலே மேல் என்று அவர் வாதிட்டார். பக்தாதிலிருந்து காஹிராவுக்கு வந்த கிறித்தவ மருத்துவர் இப்னு புத்லான் அதனை மறுத்தார். புரியாத சொல்லுக்கு மாற்றுச் சொல்லை நூல் தராது, எழுத்துப் பிழையை அது தானே திருத்திக்கொள்ளாது என்பன அவர்தம் வாதங்களுட் சில. இவ்விவாதத்தில் இப்னு புத்லானின் பக்கமே நியாயம் மிகுதி என்பது நமது கருத்து. ஆனால் இப்னு ரிழ்வானின் குரலில் ஒலிப்பது, ஆசிரியரின் வாசலில் நிற்க வழியற்றுப்போன ஓர் ஏழையின் வலி. அவரைப் போன்று மேலெழுந்தவர் ஒருவர் எனில், எழ இயலாமற் போனவர் எத்தனை பேரோ!

நமது காலத்துக்கு அணுக்கமான சான்று ஒன்றும் உண்டு. 1897இல் பிறந்த ஸலீமுஸ்ஸமான் ஸித்தீக்கீ அலீகரில் கற்றவை தத்துவமும் பாரசீகமும். பின்னர் வேதியியலை நாடி ஜெர்மனி சென்று ஃபிராங்க்ஃபர்ட்டில் 1927இல் முனைவர் பட்டம் பெற்றார். திரும்பி வந்தவருக்குக் களம் அமைத்துத் தந்தது, ஹகீம் அஜ்மல்கான் டில்லியில் உருவாக்கிய திப்பியா கல்லூரி. அங்கு அமைந்த ஆய்வுக்கூடத்தில் சர்ப்பகந்தா வேரிலிருந்து 1931இல் ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்து, மறைந்த ஹகீமின் நினைவாக அதற்கு 'அஜ்மலீன்' எனப் பெயரிட்டார். இதயத் துடிப்புக் கோளாறுகளுக்கு அது பயன்பட்டது. யூனானி ஹகீம் ஒருவர் நவீன வேதியியலாளருக்கு இடம் தந்ததும், அவ்வேதியியலாளர் அந்நன்றியை மறவாமற் பொறித்து வைத்ததும் எண்ணி மகிழத்தக்கவை.

இவ்வரலாறு முழுவதையும் நோக்குங்கால் ஒன்று தெளிவாகின்றது. பட்டறிவு தானாக வந்ததில்லை. யாரோ ஒருவர் அதற்கென இடமும் பொருளும் ஒதுக்கியிருக்கின்றார். ராஸீ வெளிவட்டத்தை ஒதுக்கினார். நூருத்தீன் நூல்களை ஒதுக்கினார். அத்தக்வார் வீட்டையே ஒதுக்கினார். அஜ்மல்கான் கல்லூரியைத் தந்தார்.

நம் சமுதாயத்தில் மருத்துவமனை நடத்துவோரும், பரிசோதனை நிலையம் வைத்திருப்போரும், மருந்து, தோல், உணவுத் தொழில்களில் தரக்கட்டுப்பாட்டுக் கூடம் உடையோரும் உளர். ஆண்டுக்கு இருவரையேனும் ஆறு மாதம் உடன் வைத்துப் பழக்கி, வழிச்செலவுக்கு ஒரு தொகையும் தந்து, உண்மையான சான்றிதழும் அளித்தால் அவர்களுக்கு இழப்பு ஏதுமில்லை. கல்லூரிக் கட்டடத்துக்கு நன்கொடை அளிக்கும் செல்வர்கள், இத்தகைய பயிற்சிக்கெனவும் ஓர் அறக்கட்டளை விடலாம். அதுவும் நிலையான தர்மமே.

நம்மைக் காண வந்த இளைஞரிடம் இவ்வரலாற்றைக் கூறினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த வெளிவட்டம் இப்போது எங்கே இருக்கிறது, ஹஜ்ரத்?" என்றார். இக்கட்டுரையைப் படிப்போருள் அவருக்கு விடை கூறும் ஆற்றல் உடையோர் பலர் இருப்பர் என்றே நம்புகின்றோம். வல்ல அல்லாஹ் அவர்தம் உள்ளங்களைத் திறப்பானாக!