மன்னிப்புத் தேடி மலாக்காவுக்கு வந்தவர்

தஞ்சோங் கிளிங்கிலிருந்து மலாக்கா நகரத்துக்கு 10 கிலோமீட்டர் போல இருக்கும். ‘கிளிங்’ என்பது இன்றைக்கு வசைச்சொல். ஆனால் போர்ச்சுகீசியர் காலத்தில் அது மலாக்காவில் கடை விரித்த நம் வணிகர்களின் பெயர். அவர்கள் சரக்கோடு வந்த துறைமுகத்துக்கு ஒருவர் ஒரு கொலைப்பழியோடு வந்தார்.

அவர் பெயர் அஞ்சிரோ. ஜப்பானில் ககோஷிமா ஊர்க்காரர். ஒருவரைக் கொன்றுவிட்டு, ஒரு மடத்தில் ஒளிந்திருந்து, போர்ச்சுகீசியக் கப்பலேறித் தப்பியவர். மனசு மட்டும் தப்பவில்லை. மலாக்காவில் சவேரியார் என்றொரு சாமியார் இருக்கிறார், அவரைப் போய்ப் பார் என்றார்கள் மாலுமிகள்.

வந்து பார்த்தால் சவேரியார் மொலுக்காஸ் தீவுகளுக்குப் போயிருந்தார். உள்ளூர்ப் பாதிரியாரோ ஞானஸ்நானம் தர மறுத்துவிட்டார். ஊருக்குத் திரும்பி, கிறிஸ்தவளல்லாத மனைவியோடு வாழப்போகிறவருக்கு எப்படித் தருவது என்பது அவர் கேள்வி. அஞ்சிரோ திரும்பிப் போனார். ஜப்பான் கரை நெருங்கும்போது புயலடித்து, கப்பல் சீனக் கரைக்கே வந்துவிட்டது. மறுபடியும் மலாக்கா. 1547 டிசம்பரில், ஒரு மாதா கோயிலில் கல்யாணம் நடத்திவைத்துக்கொண்டிருந்த சவேரியாரை ஒருவழியாகக் கண்டார்.

சவேரியாருக்கு இப்படிப்பட்ட மனிதர்கள் புதிதல்ல. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்புதான் முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்காக, தமிழும் போர்ச்சுகீசும் தெரிந்தவர்களைக் கூட்டி, செபங்களோடு பாவ அறிக்கை மன்றாட்டையும் தமிழாக்கியிருந்தார். 1580இல் கொச்சியில் பாவசங்கீர்த்தனத்துக்கென்றே ஒரு தமிழ் நூலை அண்டிரிக் அடிகளார் அச்சிட்டார். செய்த பிழையைச் சொல்லி அழ, அந்தக் கடல்வழி எங்கும் ஆட்கள் இருந்தார்கள்.

1548இல் கோவாவில் அஞ்சிரோ ஞானஸ்நானம் பெற்று பவுல் ஆனார். அந்த நவம்பரில் இஞ்ஞாசியாருக்கு அவர் எழுதிய கடிதம் முழுக்க நன்றிக் கடிதம்தான். அதில் கொலையை மறைக்கவில்லை. மறுக்கப்பட்டதையும் புயலையும் சொல்கிறார். எனக்கு அந்தக் கடிதத்தில் பிடித்தது இதுதான்: நன்றி சொல்ல, பாவத்தையும் கூடவே சொல்ல வேண்டியிருக்கிறது.

1549 ஆகஸ்டில் சவேரியாரோடு ககோஷிமாவில் இறங்கினார். கொலைக்குப் பயந்து ஓடிய அதே ஊர். பிற்பாடு அவர் கடற்கொள்ளையரோடு சேர்ந்து செத்தார் என்கிறார் புரோயிஸ். பிக்குகள் துரத்த, கொள்ளையர் கையில் செத்தார் என்கிறார் பிந்தோ. முதல் கதையே உண்மையென்றாலும் அந்தக் கடிதம் பொய்யாகிவிடாது. மன்னிப்பு பெற்றவர் இனித் தவறவே மாட்டார் என்று அதில் எங்கே எழுதியிருக்கிறது? இரக்கம் முன்பணம் வாங்கிக்கொண்டு தரப்படுவதில்லையே.